‘மறந்து வைத்த பொருள்’ கட்டுரையைத் திரும்பப் பெறுவது குறித்து

சட்ட ஆய்விதழின் மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களின் மேலான பார்வைக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், முகம் தெரியாத தங்கள் மதிப்பீட்டாளர்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இரண்டாவது மதிப்பீட்டாளர் மட்டும் கொஞ்சம் குறைவான நலத்தோடு இருந்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

நான் ஓய்வு பெற்ற பல் மருத்துவன். சட்டத்துக்கும் எனக்கும் உள்ள ஒரே தொடர்பு, ஒரு சட்டப் பேராசிரியையைக் கட்டிக்கொண்டு அன்றிலிருந்து இன்றுவரை எல்லா வாதத்திலும் தோற்றுக்கொண்டிருப்பது. வேலை பார்த்த காலம் முழுவதும் எதிரே இருப்பவர் வாயைத் திறந்தபடி பதில் சொல்ல முடியாமல் படுத்திருக்க, நான் மட்டுமே பேசிப் பழகியவன். ஆகவே கடிதம் நீளும், தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் நான் கேட்கப்போவது ஒன்றே ஒன்றுதான். தாங்கள் வெளியிட ஏற்றுக்கொண்டிருக்கும் ‘மறந்து வைத்த பொருள்’ என்ற கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்ள அனுமதிக்க வேண்டும். தங்கள் இதழில் இடம் கிடைக்காதா என்று ஊரெல்லாம் தவம் கிடக்கும்போது, கிடைத்த இடத்தை வேண்டாம் என்று சொல்ல ஒருவன் வருகிறானே, இவனுக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்று தாங்கள் நினைக்கலாம். முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

கட்டுரையை எழுதியவர் என் மனைவி. தங்கள் இதழில் எழுதியவர் யாரென்று மதிப்பீட்டாளருக்கும் தெரியக் கூடாது, ஆசிரியரான தங்களுக்கும் கடைசிக் கட்டம் வரை தெரியக் கூடாது, எல்லாம் எண்ணை வைத்துத்தான் நடக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்த விதியை இந்தக் கடிதத்தால் நான் உடைக்கிறேன். உடைத்தாலும் பெரிய பாதகம் இல்லை, ஏனென்றால் எங்கள் வீட்டில் அந்த விதி தாங்கள் கேட்டதற்கும் மேலாகவே நிறைவேறிவிட்டது. கட்டுரையை எழுதியது யாரென்று இப்போது எழுதியவருக்கே தெரியாது.

அவளுக்கு மறதி நோய். அது கல்லூரியில்தான் முதலில் தெரிந்தது. ஒரு நாள் ஒரு வகுப்புக்குப் போய்ப் பாடம் நடத்திவிட்டு, வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடியும் அதே வகுப்புக்குள் போய் அதே பாடத்தை முதலிலிருந்து நடத்தியிருக்கிறாள். மாணவர்கள் அவள்மீது இருந்த மரியாதையில், அல்லது பயத்தில், இரண்டாவது முறையும் குறிப்பெடுத்திருக்கிறார்கள். அந்த மாதமே நரம்பியல் மருத்துவரிடம் போனோம். அவர் படங்களை விளக்கில் காட்டி, இன்னின்ன பகுதி சுருங்கிக்கொண்டு வருகிறது என்றார். ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் இறங்க வேண்டியவன் மேலே ஏறும் படியில் கால் வைத்தேன். அவள்தான் என் முழங்கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு வந்தாள்.

“ஏங்க, எனக்கு ஒரு கட்டுரை பாக்கி இருக்கு” என்றாள்.

“இப்ப என்ன கட்டுரை?”

“முன்னாடி ஒண்ணு தப்பா எழுதிட்டேன். அதை வச்சுத்தான் இன்னிக்கும் எல்லாரும் பாடம் நடத்துறாங்க. நான் எழுதினது தப்புன்னு நானே என் பேர்ல எழுதிடணும். அப்புறம் என்ன வேணா மறந்து போகட்டும்.”

அந்தப் பழைய கட்டுரை தங்களுக்குத் தெரிந்திருக்கும். சட்டம் படித்தவர்கள் எல்லாருக்கும் தெரியும் என்கிறார்கள். அதில் வரும் பல்செட் உதாரணம் என்னால் வந்தது. ஒருவர் என் கிளினிக்கில் தன் பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு மறந்துபோய் எழுந்து போய்விட்டார். ஆள் அனுப்பினோம், வீடு மாறிவிட்டார் என்றார்கள். ஒன்றரை வருஷம் என் அலமாரியில் அது சிரித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அலமாரியைச் சுத்தம் செய்தபோது தூக்கிப் போட்டுவிட்டேன். போட்ட மறு வாரமே மனிதர் வந்து நிற்கிறார், வழக்குப் போடுவேன் என்கிறார். ஒன்றரை வருஷம் பல் இல்லாமல் சாப்பிட்டுப் பழகியவருக்கு இனி அது எதற்கு என்று நான் இன்றைக்கும் கேட்பேன். அந்தச் சமயத்தில்தான் என் மனைவி, ஒரு பொருளை மறந்து வைத்துவிட்டுப் போனவர் நியாயமான காலத்துக்குள் திரும்பி வராவிட்டால் அதை விட்டுக்கொடுத்ததாகவே சட்டம் கருத வேண்டும் என்று ஒரு நீண்ட கட்டுரை எழுதினாள். அது பிரபலமாகிவிட்டது. புருஷனைக் காப்பாற்ற எழுதிய கட்டுரை என்பது அவளையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது. புதிய கட்டுரை அதற்கு நேர் எதிர். விட்டுக்கொடுப்பதற்கு மனசு வேண்டும், மறதியில் அந்த மனசு இல்லை, ஆகவே எத்தனை காலம் ஆனாலும் மறந்தவரின் உரிமை போகாது, கையில் வைத்திருப்பவர் வெறும் காவலாள்தான் என்கிறது.

எழுதிய விதத்தைச் சொல்லியாக வேண்டும். காலையில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சிறு அட்டைகளில் எழுதித் தள்ளுவாள். நான் கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த பழைய கம்ப்யூட்டரில் இரண்டு விரலால் அடிப்பேன். தீர்ப்பின் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் தங்குதடையில்லாமல் வாயிலிருந்து வரும். சொல்லி முடித்துவிட்டு, “நான் சாப்டேனா?” என்று கேட்பாள். எது போகிறது, எது நிற்கிறது என்பதில் இந்த நோய்க்கு ஓர் ஒழுங்கே இல்லை. எங்கள் மகள் பிறந்த மாதம் போய்விட்டது, குத்தகைச் சட்டத்தின் திருத்தங்கள் அப்படியே நின்றன. நல்ல பல்லை விட்டுவிட்டுச் சொத்தைப் பல்லைப் பிடுங்குவதுதான் என் தொழில். இங்கே எல்லாம் தலைகீழாக நடப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு டைப் அடித்தேன்.

பிறகு தங்கள் வழிகாட்டிக் கையேடு வந்து சேர்ந்தது. அடிக்குறிப்பில் வரும் காற்புள்ளி எங்கே சாய்ந்திருக்க வேண்டும், எங்கே நிமிர்ந்திருக்க வேண்டும் என்று ஒரு பக்கம் முழுக்க விளக்கியிருக்கிறீர்கள். சாய்ந்த காற்புள்ளிக்கும் நிமிர்ந்த காற்புள்ளிக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க நான் பல் பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுக்க வேண்டியதாயிற்று. எல்லாவற்றையும் நிமிர்த்தி, சாய்த்து, அனுப்பினால், கட்டுரையாளரின் அடையாளம் தெரிகிறது என்று தங்கள் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தது. தலையைப் பிய்த்துக்கொண்டு தேடியதில், அந்தக் கம்ப்யூட்டர் எந்தக் கோப்பைத் திறந்தாலும் ‘எழுதியவர்: பல் மருத்துவமனை, வரவேற்பு மேசை’ என்று தானாகவே ஒரு மூலையில் பதிந்துவைக்கிறது என்று தெரிந்தது. ஒரு வரவேற்பு மேசை சொத்துச் சட்டத்தைப் பற்றிக் கட்டுரை எழுதும் என்று நம்பியவர்களை நான் என்ன சொல்ல. அதையும் அழித்தேன்.

ஆனால் அடுத்து அழித்ததுதான் எல்லாவற்றுக்கும் மூலம். எழுதியவர் யாரென்று காட்டும் வாக்கியங்கள் எதுவும் இருக்கக் கூடாது என்பது தங்கள் விதி. கட்டுரையின் முதல் வாக்கியமே, ‘முன்பு நான் எழுதியது தவறு, அதைத் திருத்தவே இதை எழுதுகிறேன்’ என்பதுதான். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவள் மொத்தக் கட்டுரையையும் எழுதினாள். அதை எடுக்க வேண்டும் என்றேன். விதியைப் படித்துப் பார்த்தாள். “விதின்னா விதிதான். எடுத்துடுங்க. ஏத்துக்கிட்டதுக்கு அப்புறம் திருப்பிச் சேர்த்துக்கலாம்னு கீழே போட்டிருக்கு பாருங்க” என்றாள். எடுத்தேன். ‘நான்’ என்று வந்த இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடித் தேடி எடுத்தேன். மயக்க ஊசி போடாமல் பிடுங்குவதுபோல இருந்தது, வலி மட்டும் எனக்கு.

தங்கள் மதிப்பீட்டாளர்கள் பதில் எழுத எடுத்துக்கொண்ட காலத்தில் நோய் சும்மா இருக்கவில்லை. ‘ஏங்க’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் என்னை ‘டாக்டர்’ என்று கூப்பிட ஆரம்பித்தாள். மரியாதை கூடியிருக்கிறது என்று மகளிடம் போனில் சொல்லிச் சிரித்தேன். மகள் சிரிக்கவில்லை. கட்டுரை எழுதியதே என் மனைவிக்கு மறந்துபோயிற்று. அந்த நேரம் பார்த்துத்தான் மதிப்புரைகள் வந்தன. முதலாமவர் நல்ல மனிதர், நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். இரண்டாமவர் எழுதியிருந்ததைத் தாங்களும் படித்திருப்பீர்கள். ‘கட்டுரையாளர் இத்துறைக்குப் புதியவர் என்று தெரிகிறது. புகழ்பெற்ற பல்செட் கட்டுரையை அவர் படித்ததாகவே தெரியவில்லை. அந்த மூத்த அறிஞரை நேருக்கு நேர் எதிர்கொள்ளாமல் இதை வெளியிட இயலாது.’ படித்துவிட்டுச் சமையலறையில் நின்று விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு அந்தச் சிரிப்பு எங்கே போய் அழுகையாக மாறியது என்று எனக்கே தெரியவில்லை. குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வேறு வழியில்லாமல் பழைய கட்டுரையைத் தேடி எடுத்து, பெயர் இருந்த பக்கத்தை மடித்து, அவளிடம் கொடுத்தேன். பெயரைக் காட்டினால், தன் பெயர் என்று தெரியாமல் போய்விடுமோ என்று எனக்குப் பயம். ஒரு முழுக் காலை நேரமும் பென்சிலோடு உட்கார்ந்து படித்தாள்.

“யாரு இந்தம்மா?” என்றாள்.

“ஒரு பேராசிரியை. எப்படி எழுதியிருக்காங்க?”

“கெட்டிக்காரி. ஆனா சரியான பிடிவாதக்காரி. அந்தப் பல் டாக்டர் பொறுப்பில்லாத ஆளு, அடுத்தவன் பல்லைத் தூக்கிப் போட்டிருக்கான். அவனைக் காப்பாத்தறதுக்கு இந்தம்மா சட்டத்தை என்னமா வளைக்கிறா! அவன் இவளுக்கு என்ன வேணும்?”

எனக்குத் தெரியாது என்றேன். பிறகு ஒரு வாரம் அட்டை அட்டையாக மறுப்பு எழுதினாள். பழைய கட்டுரையின் ஒவ்வொரு தூணாகப் பிடித்து ஆட்டினாள். அவள் எழுதியதிலேயே இதுதான் சிறந்தது என்று, சட்டம் தெரியாத எனக்கே தெரிந்தது. கடைசி அட்டையில் ஒரு வாக்கியம் இருந்தது: ‘மூத்த அறிஞரின் வாதம், வாழ்க்கையில் எதையுமே தொலைத்துப் பார்க்காத ஒருவரின் வாதம்.’ அதை டைப் அடிக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது.

இரண்டாமவர் அதோடு விட்டாரா? ‘வாதம் பிரமாதம், ஆனால் இளம் ஆய்வாளருக்கு மூத்தவர்மீது இத்தனை அலட்சியம் கூடாது, கடைசி வாக்கியத்தை நீக்கி மரியாதையாக நாலு வார்த்தை சேர்க்கட்டும்’ என்று மறுபடியும் மூக்கை நுழைத்தார். அவளிடம் சொன்னேன். “அந்தம்மாவுக்கு வருத்தம்னா நேர்ல வரச் சொல்லுங்க டாக்டர், பேசிக்கலாம்” என்று முடித்துவிட்டாள். அந்த மூத்த அறிஞர் நிச்சயமாக வருத்தப்பட மாட்டார், இதற்கு நான் உத்தரவாதம் என்று தங்களுக்கு எழுதினேன். தாங்கள் எப்படியோ நம்பினீர்கள். தங்களுக்குக் கோடி நன்றி. கட்டுரை ஏற்கப்பட்டது என்ற கடிதமும் வந்தது. கூடவே உறுதிமொழிப் படிவமும் வந்தது.

‘இது என் சொந்தப் படைப்பு என உறுதியளிக்கிறேன்’ என்று கட்டுரையாளர் கையெழுத்திட வேண்டும். அவ்வளவுதானே, ஒரு நிமிஷ வேலை என்று நினைத்தேன். பேனாவைத் திறந்து கையில் கொடுத்தேன். அவள் படிவத்தின் முன்பக்கம், பின்பக்கம், கீழே உள்ள பொடி எழுத்து எல்லாவற்றையும் படித்தாள். பிறகு கட்டுரையையும் படித்தாள்.

“இதை யாரு எழுதினது?”

“நீதான்.”

“நானா? எனக்கு ஞாபகம் இல்லையே.”

அட்டைகளை எடுத்துப் பரப்பினேன். “இது உன் கையெழுத்துதானே, பாரு.”

“என்னோடது மாதிரிதான் இருக்கு. மாதிரி இருந்தா போதாது டாக்டர். யாரோ கஷ்டப்பட்டு எழுதினதுக்கு நான் கையெழுத்துப் போட்டா அதுக்குப் பேரு திருட்டு. பிள்ளைங்களை இதுக்காக நான் ஃபெயில் ஆக்கியிருக்கேன்.”

பேனாவை மூடி என் சட்டைப் பையில் செருகிவிட்டாள். மறுநாளும் கேட்டேன், அதற்கு மறுநாளும் கேட்டேன். ஒவ்வொரு நாளும் அது அவளுக்கு முதல் நாள். ஒவ்வொரு நாளும் புதிதாகப் படித்து, புதிதாகப் பாராட்டி, புதிதாக மறுத்தாள். மகளிடம் சொன்னபோது, “அப்பா, நீங்களே போட்டு அனுப்பிடுங்கப்பா. அம்மா எழுதினதுதானே? யாருக்குத் தெரியப் போகுது?” என்றாள். எனக்கும் அந்த ஆசை வராமல் இல்லை. மருந்துச் சீட்டு எழுதிப் பழகிய கைக்கு எந்தக் கிறுக்கலும் வரும். ஆனால், அவள் உண்மையாக இருக்க வேண்டும் என்றுதானே கையெழுத்துப் போட மறுக்கிறாள்? இத்தனை மறந்தும் அது ஒன்று மறக்கவில்லை. அதன்மேல் நான் ஒரு பொய்க் கையெழுத்தைப் போட்டால், அவளிடம் மிச்சமிருப்பதையும் நானே அழித்த மாதிரி ஆகும். அதைச் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

இந்த இதழ் தவறினால் அடுத்தது ஓராண்டு கழித்து என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த ஆண்டு அச்சில் தன் பெயரைப் பார்த்தால் அவளுக்கு அது தன் பெயர் என்று தெரியுமா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேட்டேன். அவர் பழைய மருந்துச் சீட்டையே மறுபடியும் எழுதிக் கொடுத்தார். ஆகவே ஐயா, கையெழுத்து இல்லாமல் தாங்கள் வெளியிட மாட்டீர்கள், அவள் கையெழுத்துப் போட மாட்டாள், நான் போடக் கூடாது. தன் தவறைத் தன் பெயரில் திருத்த வேண்டும் என்று அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான், அதை என்னால் செய்து கொடுக்க முடியவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன்.

தங்கள் இதழ் நீடூழி வாழ்க. தங்கள் காற்புள்ளிகள் வேண்டிய இடத்தில் நிமிர்ந்தும் வேண்டிய இடத்தில் சாய்ந்தும் நிற்க வாழ்த்துகிறேன். முதலாமவருக்கு என் அன்பு. இரண்டாமவருக்கும், போகட்டும், வணக்கம். தாங்கள் வேளைக்குச் சாப்பிட்டு, இரவில் மறக்காமல் பல் துலக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கட்டுரையாளரின் கணவன்

பி.கு.: மேலே எழுதியது எதையும் தாங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். உறையை ஒட்டப் பசை தேடி உள்ளே போய்விட்டு வருவதற்குள் அவள் மேசையில் உட்கார்ந்து இந்தக் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். ஓரத்தில் தாங்கள் காணும் பென்சில் கேள்விக்குறிகள் அவளுடையவை.

“கட்டுரை உங்களோடதா?” என்றாள்.

“இல்லை. என் மனைவியோடது.”

“அப்புறம் நீங்க எப்படி வாபஸ் வாங்குவீங்க? புருஷன்னா போதுமா?”

“அவளுக்கு எழுதினதே ஞாபகம் இல்லைம்மா.”

“இல்லேன்னா என்ன? வேணாம்னு சொன்னாங்களா? விட்டுக்கொடுத்தேன்னு சொன்னாங்களா?”

“சொல்லலை.”

“அப்ப அது அவங்களோடதுதான். அவங்க வர்ற வரைக்கும் நீங்க பத்திரமா வச்சிருக்கணும். அதுதான் உங்க வேலை. தூக்கிப் போட உங்களுக்கு உரிமை கிடையாது” என்று சொல்லிவிட்டு, என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். உறுதிமொழிப் படிவத்தில் ‘கட்டுரையாளர்’ என்ற இடத்தில் ‘கட்டுரையாளருக்காக, அவருடைய வழக்கறிஞர்’ என்று திருத்தி, ‘இது மேற்படியாரின் சொந்தப் படைப்பு என்று முழுமையாக நம்புகிறேன்’ என்று எழுதி, கீழே தன் முழுப் பெயரையும் பட்டங்களையும் ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதிக் கையெழுத்திட்டாள். படிவத்தை இணைத்திருக்கிறேன். அந்தப் பெயரையும் பழைய பல்செட் கட்டுரையின் பெயரையும் தாங்கள் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். முதல் வாக்கியத்தையும், எடுத்த ‘நான்’கள் எல்லாவற்றையும் எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டேன். கட்டுரையை வெளியிடுங்கள் ஐயா.

பேனாவை என்னிடம் திருப்பிக் கொடுக்கும்போது அவள் கேட்டாள்: “பாவம் டாக்டர், அந்தம்மாவுக்குன்னு வீட்டுல யாராவது இருக்காங்களா?”

“இருக்காங்க” என்றேன்.

“அப்ப சரி” என்றாள்.